பலகையில் 1.47

சென்ட்ரலில் ஆவடி வண்டி ஏறினால் பட்டரவாக்கத்துக்கு 5 ரூபாய் டிக்கெட். ஸ்டேஷனை விட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நடந்தால், 1964இல் தொடங்கிய பேட்டை இன்னும் பழைய வாசனையோடுதான் இருக்கிறது. கட்டிங் ஆயில், வெல்டிங் புகை, கேட்டோரம் குவித்த இரும்புச் சுருள். லேத் பட்டறைகளுக்கு நடுவே ஜன்னலே இல்லாத சாம்பல் நிறக் கட்டடங்கள் அங்கங்கே எழுந்திருக்கின்றன. எதிரே டீக்கடையில் விசாரித்தேன். “அதுவா? கம்ப்யூட்டர் குடோன். ராத்திரியெல்லாம் ஏசி ஓடும்” என்றார் மாஸ்டர். டீ 15 ரூபாய்.

அவர் சொன்னது பாதி சரி. உள்ளே இருப்பது டேட்டா சென்டர். உலகத்து டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் இழுத்தது சுமார் 415 டெராவாட் மணி; உலக மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. அந்தப் பெரிய கணக்கு எனக்கு எட்டாது. இந்தக் கட்டடத்தில் நாலு ரேக் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் சிஸ்டம் அட்மின் எனக்குப் பழக்கம். “வேகம் ஒரு பொட்டுகூடக் குறையாம கரண்டைக் குறைக்கலாம் சார். காட்டறேன், வாங்க” என்று ஒரு சனிக்கிழமை மாலைக்கு வரச் சொல்லியிருந்தார். வேகம் குறையாமல் என்பதை யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். அதனால்தான் போனேன்.

கேட்டில் ஆதாரைக் காட்டி, போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ஷூவுக்கு நீல உறை மாட்டியபின் வரவேற்பறை. சுவரில் ஆளுயர டிவி. அதில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு எண்: 1.47. கட்டடத்தின் விற்பனைப் பிரிவு இளைஞர் அதை அறிமுகப்படுத்தினார். அதன் பெயர் பி.யூ.இ. கட்டடத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, சர்வர்களுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது. சர்வருக்கு 100 யூனிட் போகும்போது ஏசி, யு.பி.எஸ்., விளக்கு எல்லாவற்றுக்குமாக இன்னொரு 47 யூனிட் போகிறது என்று பொருள். ஒன்றை நெருங்க நெருங்க நல்லது.

“போன மாசம் வரை 1.50 இருந்தது சார். ஹாலை 23 டிகிரியிலிருந்து 27க்கு ஏத்தினோம். இறங்கிடுச்சு.”

27 என்பது அவர்கள் இஷ்டத்துக்கு வைத்த எண் இல்லை. அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, சர்வருக்குள் நுழையும் காற்று 20 முதல் 25 டிகிரி வரை இருக்கட்டும் என்று 2004இல் சொன்னது. 2008இல் அதையே 18 முதல் 27 வரை என்று தளர்த்தியது. கம்பளி போட்டுக்கொண்டு சர்வர் ரூமுக்குள் போன காலம் அதோடு போயிற்று.

“மாசக் கடைசியில மொத்த யூனிட் குறைஞ்சுதா?” என்று கேட்டேன்.

“அது பில்லிங் டிபார்ட்மென்ட் சார்.”

மொட்டை மாடியில் சில்லர்கள். பக்கத்தில் நின்றால் பேச்சு காதில் விழாது. ஸ்வீடனின் வடக்கே லூலியோவில் ஃபேஸ்புக் 2013இல் திறந்த சென்டரில் வெளிக்காற்றையே வடிகட்டி உள்ளே விட்டுக் குளிரவைக்கிறார்கள். அம்பத்தூரில் அது நடக்காது. மாலை ஐந்தரைக்கும் சட்டை முதுகில் ஒட்டுகிற ஈரக்காற்று இது. யு.பி.எஸ். அறையை எட்டிப் பார்த்தேன். பேட்டரி வரிசை, லேசான வெப்பம், வேறொன்றுமில்லை. கீழே இறங்கி ஹாலுக்குள் போனோம்.

ரேக்குகள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கின்றன. முகங்களுக்கு நடுவே குளிர்ந்த சந்து. முதுகுகளுக்கு நடுவே சூடான சந்து. குளிர்ந்த சந்தின் இரு முனையிலும் கதவு போட்டு, மேலே கூரையும் போட்டிருக்கிறார்கள். இரண்டு காற்றும் கலக்காமல் இருப்பதுதான் மொத்த ஏற்பாடு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 900 ரூபாய்க்கு வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானி பையில் இருந்தது. நம்ம ஆளின், அதாவது அந்த அட்மினின், இரண்டாவது ரேக்கில், தரையோரம் இருந்த சர்வரின் முகப்பில் காட்டினேன்: 25. தோள் உயரத்தில்: 27. தலைக்கு மேலே இருந்த சர்வரில்: 30.

சுவரில் இருந்த காட்சிப் பலகையோ 27 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் சென்சார் எங்கே என்று தேடினேன். கதவுக்குப் பக்கத்தில், நெஞ்சுயரத்தில். அந்த உயரத்தில் அது சொல்வது உண்மைதான்.

மேலே ஏன் 30? கையை நீட்டித் தடவியதில் தெரிந்தது. மேல் சர்வருக்குக் கீழே இரண்டு தட்டு காலி. அந்தப் பொந்து வழியாகப் பின்பக்கச் சூடு திரும்பி முன்னுக்கு வந்து, மேல் சர்வர் அதையே மறுபடி குடித்துக்கொண்டிருந்தது. விரலில் வெதுவெதுப்பு நன்றாகவே பட்டது. காலித் தட்டை மூட பிளாங்கிங் பேனல் என்று ஒரு பிளாஸ்டிக் பலகை உண்டு. 200 ரூபாய்க்குள் கிடைக்கும். நம்ம ஆளிடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது பொந்துக்கு அட்டைப்பெட்டியை வெட்டிச் செருகினார். “திங்கக்கிழமை பேனல் வாங்கிடுவேன், எழுதிடாதீங்க” என்றார். ஹாலில் அட்டைக்கு அனுமதி இல்லையாம், தீப்பிடிக்கும் என்று. கால் மணி நேரம் கழித்து மேலே காட்டினேன். 27.

அதற்குள் அவர் லேப்டாப்பில் இரண்டு சர்வர்களின் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்திருந்தார். ஒரே மாடல், ஒரே வேலை. ஒன்று தரையோரம், ஒன்று உச்சி. பொந்தை அடைப்பதற்கு முன் எடுத்துவைத்த கணக்கு இது: கீழ் சர்வரின் ஃபேன்கள் 40 சதவீத வேகம், 12 வாட். மேல் சர்வரின் ஃபேன்கள் 60 சதவீத வேகம், 40 வாட்.

வேகம் ஒன்றரை மடங்கு, மின்சாரம் மூன்று மடங்குக்கு மேல். ஃபேனின் இயல்பு அது. வேகம் ஏற ஏற, அது இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடியாக ஏறும். ஒன்றரையை மூன்று முறை பெருக்கினால் 3.375; பன்னிரண்டை அதால் பெருக்கிப் பாருங்கள், நாற்பது வந்துவிடுகிறது. பாடப்புத்தகச் சூத்திரம் இப்படி ரேக்கில் அப்பட்டமாகத் தெரிந்தது எனக்குச் சின்ன சந்தோஷம்.

ஆனால் மனதை உறுத்தியது வேறு. சர்வருக்குள் இருக்கும் இந்த ஃபேன், பி.யூ.இ. கணக்கில் எந்தப் பக்கம்? கேட்டேன். “சர்வர் பக்கம்தான் சார். சர்வரோட பிளக்ல இருந்துதானே இழுக்குது.” அப்படியானால் ஹாலைச் சூடாக்கினால் ஏசியின் செலவு குறைகிறது, சர்வர் ஃபேனின் செலவு ஏறுகிறது, ஏறியதோ ‘பயனுள்ள வேலை’ கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ரேக்கில் சாய்ந்தபடி நோட்டில் போட்டுப் பார்த்தேன். சர்வருக்கு 100 கிலோவாட், மற்றதுக்கு 50 என்று வைப்போம். மொத்தம் 150, பி.யூ.இ. 1.50. சூடேற்றியதில் ஏசி 2 கிலோவாட் மிச்சம் பிடித்து, ஃபேன்கள் 3 கிலோவாட் கூடுதலாக இழுத்தால்? மொத்தம் 151, பி.யூ.இ. 1.47. வரவேற்பறைப் பலகை இன்னும் பச்சையாகும், பில் ஏறும். இந்தக் கட்டடத்தில் அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. மொத்த யூனிட்டை யாரும் காட்டவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். சிப்புகளுக்கும் சூடேறினால் கசிவு மின்சாரம் கூடும், அது தனி. நம்ம ஆள் தன் ரேக் வரைக்கும் 25 டிகிரியில் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருவதாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஆனால் ஹாலின் டிகிரி அவர் கையில் இல்லை.

அவர் கையில் இருப்பது சர்வர். அதைத்தான் காட்டக் கூப்பிட்டிருந்தார்.

வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் லோடு பேலன்சரிலிருந்து ஒரு சர்வரைக் கழற்றிவிட்டார். இனி வாடிக்கையாளர் வேலை எதுவும் அதற்கு வராது. பின்பக்கம் போய் மின்சாரத்தை அளக்கும் சாக்கெட்டின் சின்னத் திரையைப் பார்த்தேன். ஒரு வேலையும் இல்லாத சர்வர் 214 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கிற ஆட்டோ.

இது புதுச் செய்தி இல்லை. கூகுளில் இருந்த லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசியது. சர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதத்துக்குள்தான் உழைக்கின்றன. ஆனால் சும்மா இருக்கும்போதே உச்ச மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்கின்றன. வேலைக்கு ஏற்ற மின்சாரம் என்பதே இலக்காக வேண்டும் என்றார்கள். அதற்குப்பின் வந்த சிப்புகள் நிறையத் திருந்திவிட்டன. திருந்திய சிப்பை நாம் திருந்தவிடாமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் அடுத்து நான் பார்த்தது.

சர்வரை மறுபடி துவக்கி பயாஸ் திரைக்குள் போனார். பவர் புரொஃபைல் என்ற வரியில் ‘அதிகபட்ச பெர்ஃபாமன்ஸ்’ என்று இருந்தது. வாங்கிய அன்று யாரோ வைத்தது. பெயரைப் பார்த்தால் யாருக்குத்தான் மாற்ற மனசு வரும்? அதன் உள்ளே இருப்பது இரண்டு காரியம். ஒன்று, சி.பி.யூ. எப்போதும் உச்ச அதிர்வெண்ணிலேயே ஓடும். இரண்டு, வேலை இல்லாத கோர்கள் தூங்கப் போகாது. தூக்கத்துக்கு நிலைகள் உண்டு: சி1 என்பது கண்ணை மூடுவது, சி6 என்றால் அந்தக் கோருக்குக் கரண்டையே ஏறக்குறைய நிறுத்துவது. ஆழம் கூடக் கூட எழுந்துவர நேரம் ஆகும். சில சர்வர் சிப்புகளில் சி6இலிருந்து எழ நூறு மைக்ரோ விநாடிக்கு மேல். ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அது.

புரொஃபைலை மாற்றி, அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் பொறுப்பை லினக்ஸிடம் விட்டுவிட்டு, சர்வரை மறுபடி ஓடவிட்டார். சாக்கெட் திரை இப்போது 129. எந்த வன்பொருளும் மாறவில்லை, 85 வாட் போயே போச்சு.

“வேகம்?” என்றேன். அதற்காகத்தானே வந்தது.

தன் கம்பெனியின் உண்மையான கோரிக்கைகளைப் பதிவு செய்து திருப்பி ஓட்டும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார். இரண்டு புரொஃபைலிலும் ஓட்டினார். நான் பின்பக்கச் சூட்டில் நின்று வாட் குறித்தேன். அங்கே வெப்பமானி 38 காட்டியது. முழு லோடில்: பழைய புரொஃபைலில் 436 வாட், புதியதில் 434. விநாடிக்கு முடித்த கோரிக்கைகளில் வித்தியாசம் இல்லை. உழைக்க வேண்டிய நேரத்தில் இரண்டும் ஒன்றுதான். நாற்பது சதவீத லோடில், பகல் நேரத்து வழக்கமான நிலைமை அது, 318 வாட் 287 ஆனது. நூறில் மோசமான ஒரு கோரிக்கைக்கு ஆகும் நேரம் 41 மில்லி விநாடியிலிருந்து 42. மறுபடி ஓட்டச் சொன்னேன். 42, 41. அவர் சிரித்தார். இதை வேகக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வர் நாளில் பாதி நேரம் சும்மா இருந்தால் 85 வாட் ஆண்டுக்கு 372 யூனிட். அதைக் குளிரவைக்கும் செலவையும் பலகை சொன்ன 1.47ஆல் பெருக்கிச் சேர்த்தால் 547 யூனிட், நாலாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். நாலு ரேக்கில் 60 சர்வர். இரண்டரை லட்சம் ரூபாய் ஒரு பயாஸ் வரியில் உட்கார்ந்திருந்தது.

அவ்வளவு சுலபமா, எல்லாவற்றுக்கும் இதையே செய்துவிடலாமா என்றால், இல்லை. மூன்றாவது ரேக்கில் ஒரு சர்வர். நினைவகத்திலேயே தரவை வைத்துக்கொண்டு உடனுக்குடன் பதில் சொல்வது அதன் வேலை. அதன் சராசரிப் பதில் நேரம் 180 மைக்ரோ விநாடி. முழு மாற்றமும் செய்தபோது 290க்குப் போய்விட்டதைப் பழைய பதிவில் காட்டினார். காரணம் எளிது. பதில் சொல்லும் வேலையே அவ்வளவு சின்னது. தூங்கி எழுகிற நேரம் அதில் பெரிய பங்காகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் கூட்டம் குறைவாக இருக்கும் இரவில்தான் மோசம். கூட்டமாக இருக்கும்போது கோர் தூங்குவதே இல்லையே. அந்த ஒன்றில் சி6ஐ மட்டும் நிறுத்தி, மேலோட்டமான தூக்கத்தை அனுமதித்து வைத்திருக்கிறார். பதில் நேரம் 190 மைக்ரோ விநாடி; மிச்சமாகும் மின்சாரம், மற்ற சர்வர்களில் மிச்சமாவதில் மூன்றில் ஒரு பங்கு. ‘பொட்டுகூடக் குறையாம’ என்ற பேச்சு இந்த இடத்தில் கொஞ்சம் வளைகிறது. அவரும் ஒத்துக்கொண்டார்.

இன்னொரு சர்வரில் புரொஃபைலை மாற்றியும் 160 வாட்டுக்குக் கீழே இறங்காமல் அடம்பிடித்தது. பவர்டாப் என்ற கருவியை ஓட்டினார், யார் சி.பி.யூ.வைத் தட்டி எழுப்புகிறார்கள் என்று பட்டியல் போடும். முதல் இடத்தில் இருந்தது கண்காணிப்பு மென்பொருள். எதை எழுப்பக் கூடாதோ அதை, நன்றாக இருக்கிறாயா என்று விநாடிக்குப் பலமுறை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. இடைவெளியை 15 விநாடி ஆக்கினார். திரையில் 134.

பின்பக்கமே நின்றிருந்ததில் இன்னொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பவர் சப்ளை, ஒவ்வொன்றும் 800 வாட். ஒன்று போனால் இன்னொன்று தாங்க. இரண்டும் சுமையைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வதால், 130 வாட் சர்வரில் ஒவ்வொன்றும் 65 வாட்தான், தன் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல், சுமக்கிறது. மேலே ‘80 பிளஸ் பிளாட்டினம்’ முத்திரை. பாதிச் சுமையில் 94 சதவீதம் பயன்தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பத்து சதவீதச் சுமையில் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தத் தரத்தில் நிபந்தனையே கிடையாது. அதற்கு மேல் படியான டைட்டானியத்தில்தான் அது வருகிறது, 90 சதவீதம் என்று. சுமை குறைவாக இருக்கும்போது ஒன்றை அரைத்தூக்கத்தில் வைக்கும் வசதி இந்த மாடலில் உண்டு. போட்டுக் காட்டினார், 129 போய் 123. பெரிய தொகை இல்லை.

பெரிய தொகை நாலாவது ரேக்கில் இருந்தது. அடியில் ஏழு சர்வர். ஒன்றின் நெற்றியில் ஸ்கெட்ச் பேனாவில் ‘தொடாதே’. யார் எழுதியது, எதற்கு, ஒருவருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் சி.பி.யூ. 2 சதவீதம் தாண்டவில்லை. பின்னால் கை வைத்தேன், மற்றதைப்போலவே சுடுகிறது. இப்படி எந்த வேலையும் செய்யாமல் ஓடுகிற சர்வர்கள் சுமார் 30 சதவீதம் என்று ஜோனதன் கூமியும் ஜான் டெய்லரும் 2015இல் ஓர் ஆய்வில் கண்டார்கள். அணைக்க யாருக்கும் தைரியம் இல்லை. அதற்கு இவர்கள் துறையில் ஒரு முரட்டு வழி உண்டு: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. மூன்று சர்வர்களில் ஏற்கெனவே கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது, தேதி எழுதிய நூல் அட்டையோடு. “முப்பது நாள் யாரும் கத்தலைன்னா பவரையும் எடுத்துடுவேன். ஒருத்தர் கத்தினாங்க சார், சம்பளக் கணக்கு. அதைத் திருப்பி மாட்டிட்டேன்.” ‘தொடாதே’யின் கேபிளை என் கண்ணெதிரே பிடுங்கினார். வேலை உள்ளவற்றையும் சும்மா விடவில்லை. தனித்தனியே எட்டு, பத்து சதவீதம் உழைத்துக்கொண்டிருந்தவற்றை மெய்நிகர் சர்வர்களாக்கி, ஓரிரு இயந்திரங்களில் அடுக்கும் வேலையும் நடக்கிறது.

போகிற வழியில் வரவேற்பறை இளைஞரைப் பிடித்து நோட்டைக் காட்டினேன். 100 கிலோவாட் சர்வர், 50 கிலோவாட் மற்றவை. சும்மா ஓடுகிற 20 கிலோவாட் சர்வர்களை அணைத்துவிட்டால் ஏசியும் கொஞ்சம் குறைந்து மற்றவை 45 ஆகட்டும். மொத்தம் 150லிருந்து 125. ஆண்டுக்கு 2,19,000 யூனிட், பதினேழரை லட்சம் ரூபாய் மிச்சம். பி.யூ.இ. எவ்வளவு? 125ஐ 80ஆல் வகுத்தார் அவரே, போனில். 1.56.

“ஏறுதே சார்!”

“ஏறும்.”

“அப்ப இதை பலகையில போட முடியாதே” என்றார், உண்மையாகவே யோசித்துக்கொண்டு.

வெளியே டீக்கடையில் நம்ம ஆள் தன் ஒப்பந்தத்தை போனில் எடுத்து வாசித்தார். அவர் கம்பெனி கட்டடத்துக்குக் கொடுப்பது இரண்டு: ஓடிய யூனிட்டுக்குக் காசு, அதுபோக 20 கே.வி.ஏ. ஒதுக்கி வைத்ததற்கு மாத வாடகை. யூனிட் அடுத்த பில்லிலேயே குறைந்துவிடும். ஒதுக்கீட்டை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதுதான் குறைக்க முடியும், அதற்கு இன்னும் எட்டு மாதம். அதற்குள் நாலு ரேக்கை மூன்றாக்கிவிட்டால் ஒரு ரேக்கின் வாடகையே மிச்சம் என்பது அவர் திட்டம். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லையாம். “முதல்ல ‘தொடாதே’க்கு யாராவது கத்தறாங்களான்னு பார்த்துடறேன்” என்றார்.